பழைய லாரி காலையில் புகைகிறதா? முதல் ஒரு நிமிடத்தைக் கவனியுங்கள்

இரவு முழுக்க நின்ற பழைய டீசல் லாரியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து குபுகுபுவெனப் புகை கிளம்பினால், பக்கத்தில் நிற்பவர் சொல்லும் முதல் வார்த்தை “இன்ஜின் போச்சு” என்பதுதான். பெரும்பாலும் அது உண்மையில்லை. ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் வந்து, சூடானதும் நின்றுவிடும் புகைக்கு இன்ஜினை முழுதாகப் பிரிக்கத் தேவையில்லாத காரணங்களே அதிகம். செத்துப்போன ஒரு ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் ஆவதற்காகச் சிலிண்டரைச் சூடாக்கும் சின்னக் கம்பி), வலு இறங்கிய பேட்டரி, காற்று இழுக்கும் டீசல் ஹோஸ், கடினமாகிப்போன வால்வ் ஆயில் சீல் என்று பட்டியல் நீளும். இவற்றைப் பார்க்காமல் நேராக ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்), லைனர் (பிஸ்டன் ஓடும் உறை) மாற்றப் போனால், அவ்வளவு செலவும் முடிந்த பிறகு அதே புகை மறுபடி வரும்.

நிறத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள்: வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது நீராவி, நீலம் என்றால் ஆயில், கருப்பு என்றால் காற்று போதாமல் அரைகுறையாக எரிந்த டீசல். இது சரிதான். ஆனால் நிறம் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை மட்டுமே சொல்லும். பழுது எது என்பதைக் காட்டிக்கொடுப்பது நேரம். புகை முதல் சுற்றிலேயே வருகிறதா, ஸ்டார்ட் ஆகி ஐந்து விநாடி கழித்து வருகிறதா, அரை நிமிடத்தில் அடங்குகிறதா, பத்து நிமிடம் ஆனாலும் விடவில்லையா, அந்த நேரத்தில் இன்ஜின் மிஸ் அடிக்கிறதா (ஏதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் தடுமாறுகிறதா) என்பதைக் குறித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

எப்படிக் கவனிப்பது

இன்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். ஓர் இரவு நின்றிருந்தால் நல்லது. வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும், மூடிய ஷெட்டுக்குள் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளக்கும் கம்பி) ஆயில் மட்டத்தையும் ரேடியேட்டரில் கூலன்ட் மட்டத்தையும் பார்த்துக் குறித்துவையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் சைலன்சர் வாய்க்குப் பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுக்கட்டும். ரேஸ் கொடுக்க வேண்டாம், ஐட்லிங்கிலேயே ஓடவிடுங்கள்.

புகை வரும்போது ஒரு வெள்ளை அட்டையைச் சைலன்சர் வாயிலிருந்து ஒரு அடி தள்ளிச் சில விநாடி பிடித்து எடுங்கள். ஈரம் பட்டு, கொஞ்ச நேரத்தில் தடயமில்லாமல் காய்ந்தால் அது தண்ணீர். டீசல் வாடையோடு மெல்லிய எண்ணெய்க் கறையாகப் படர்ந்தால் எரியாத டீசல். பழுப்புப் புள்ளிகளாக விழுந்து, விரலால் தேய்த்தால் வழவழவென்று இழுபட்டால் இன்ஜின் ஆயில். மூக்கும் கண்ணும் உதவும்: எரியாத டீசல் கண்ணைக் கரிக்கும்; ஆயில் புகை கனமாக, கருகிய வாடை அடிக்கும். இந்த அட்டைச் சோதனையை விட்டுவிடாதீர்கள். சூடு போதாமல் அரைகுறையாக எரிந்த டீசல் பார்வைக்கு நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் தெரியும். அதை ஆயில் என்று நினைத்து ரிங் மாற்றிய வண்டிகள் நிறைய.

வெள்ளைப் புகை: சூடு போதவில்லை

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றைச் சுமார் 16 முதல் 22 மடங்கு வரை அழுத்தும்போது பிறக்கும் சூடுதான் டீசலைப் பற்றவைக்கிறது. ஆறிப்போன இன்ஜினில் அந்தச் சூட்டை ஹெட்டும் (சிலிண்டரின் மேல்மூடி) லைனரும் பிஸ்டனும் உறிஞ்சிக்கொள்ளும். மெதுவாகச் சுற்றினால் சூடு இழக்க நேரமும் அதிகம், ரிங்கைத் தாண்டிக் கசியும் காற்றும் அதிகம். தெளித்த டீசல் பற்றாமல் பனிமூட்டம் மாதிரி வெளியே போவதுதான் அந்த வெள்ளைப் புகை. ஆக இரண்டே கேள்விகள்: சூடு போதவில்லையா, அல்லது டீசல் சரியான நேரத்தில் சரியாகத் தெளிக்கப்படவில்லையா?

முதலில் பேட்டரி. இதைத்தான் பலரும் கடைசியில் பார்க்கிறார்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 24 வோல்ட் வண்டியில் இந்த எண்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். பேட்டரி நன்றாக இருந்தும் இன்ஜின் சோம்பலாகச் சுற்றினால் டெர்மினல், சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் கேபிள், பிறகு ஸ்டார்ட்டர் மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். எர்த் கேபிளைச் சுத்தம் செய்து முறுக்கியதில் மட்டுமே காலைப் புகை பாதியாகக் குறைவது உண்டு.

அடுத்தது ஹீட்டர் பிளக். எல்லா லாரியிலும் இது இருக்காது. டீசலை நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் பெரிய இன்ஜின்கள் பலவற்றில் இன்டேக் மேனிஃபோல்டில் (காற்று உள்ளே போகும் குழாய்) ஒரு ஹீட்டர் மட்டும் இருக்கும், சிலவற்றில் எதுவுமே இருக்காது. பிளக் உள்ள இன்ஜினில், டேஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு எரிந்து அணைவதை நம்பி “பிளக் நல்லா இருக்கு” என்று முடிவு செய்யக் கூடாது. பழைய வண்டிகள் பலவற்றில் அந்த விளக்கு காட்டுவது டைமரின் நேரத்தை மட்டும்தான். மல்டிமீட்டரை எடுத்து, எல்லாப் பிளக்கையும் இணைக்கும் உலோகப் பட்டையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பிளக்கின் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே அளவெடுங்கள். நல்ல பிளக் பொதுவாக 0.5 முதல் 2 ஓம் வரை காட்டும். மீட்டர் எதுவுமே காட்டாமல் திறந்த சுற்று என்றால் பிளக் செத்துவிட்டது. பட்டையைக் கழற்றாமல் அளந்தால் நல்ல பிளக்குகள் செத்ததை மறைத்துவிடும். ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் இது. பிறகு பட்டைக்கு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். எல்லாப் பிளக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யவில்லை என்றால் ரிலேயோ ஃப்யூஸோதான் காரணம்.

நான்கில் ஒரு பிளக் போயிருந்தால் அடையாளம் தெளிவாக இருக்கும்: வண்டி ஸ்டார்ட் ஆகும், ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கும், வெள்ளைப் புகை வரும், அந்தச் சிலிண்டர் சூடானதும் இரண்டும் சேர்ந்து நிற்கும். பிளக்கைக் கழற்றும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும். மரைக்கு முந்தைய நாளே துரு நீக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். அவசரப்பட்டு முறுக்கினால் பிளக் ஒடிந்து, ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும். கழற்றிய பிளக்கின் நுனி உருகியோ கருகியோ இருந்தால் புதியதை மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் டீசலைத் தெளிக்காமல் ஒழுகவிடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹீட்டர் பிளக்கோ இன்டேக் ஹீட்டரோ உள்ள இன்ஜினில், எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காக விற்கும் ஈதர் ஸ்ப்ரேயை அடிக்கவே கூடாது. சூடான பிளக்கைத் தொட்டதும் அது நேரம் தவறி வெடித்து, பிஸ்டனையும் ரிங்கையும் உடைத்துவிடும்.

டீசல் லைனில் காற்று

ஸ்டார்ட் ஆகி நாலைந்து விநாடி நன்றாக ஓடி, பிறகு தடுமாறி, வெள்ளைப் புகை விட்டு, அணைந்தோ சமாளித்தோ போனால் லைனில் காற்று இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். டேங்க் இன்ஜினைவிடத் தாழ்வாக இருப்பதால், எங்காவது ஒரு இடத்தில் காற்று நுழைந்தால் இரவில் டீசல் மெல்லப் பின்வாங்கி டேங்குக்கே போய்விடும். ஓடும்போது ஒரு சொட்டுகூடக் கசியாத ஹோஸ், நிற்கும்போது காற்றை உள்ளே விடும். அதனால்தான் கசிவைத் தேடி ஈரம் பார்ப்பதில் பயனில்லை.

இதற்கு மிக எளிய சோதனை ஒன்று உண்டு. காலையில் செல்ஃப் அடிக்கும் முன் ஹேண்ட் பிரைமரை (டீசல் லைனில் இருக்கும் கைப் பம்ப்) அது கைக்கு இறுகும்வரை அழுத்துங்கள். பிறகு ஸ்டார்ட் செய்தால் புகையும் தடுமாற்றமும் இல்லை என்றால், பழுது இன்ஜினுக்குள் இல்லை. டேங்குக்கும் டீசல் பம்புக்கும் நடுவே இருக்கிறது. பம்புக்குள் நுழையும் ஹோஸில் ஒரு சாண் நீளத்துக்குத் தெளிவான டீசல் ஹோஸை மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். அங்கிருந்து பின்னோக்கி ஃபில்டர் சீல், தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் சீல், பிரைமர், காப்பர் வாஷர்கள், வெடித்த ரப்பர் ஹோஸ், ரிட்டர்ன் வால்வ் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காப்பர் வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் அதையும் வடித்துவிடுங்கள். தண்ணீரும் இதே மாதிரி தடுமாற வைக்கும்.

எந்தச் சிலிண்டர்?

பேட்டரி, பிளக், காற்று மூன்றும் சரி, இன்னும் மிஸ் அடித்து வெள்ளைப் புகை வருகிறது என்றால் எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆன முதல் நிமிடத்துக்குள், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (புகை வெளியேறும் குழாய்) ஒவ்வொரு சிலிண்டரின் கிளையையும் லேசர் தெர்மாமீட்டரால் அளந்துகொண்டே போங்கள். மற்றவை மளமளவென்று ஏறும்போது ஒன்று மட்டும் பின்தங்கினால் அதுதான். தாமதித்தால் சூடு பரவி எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் உள்ள இன்ஜினில் இன்னொரு வழி, ஐட்லிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்திப் பார்ப்பது. நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் சத்தம் மாறும், ஓட்டம் தடுமாறும். கெட்ட சிலிண்டரைத் தளர்த்தினால் ஓட்டம் மாறாது, புகை குறையும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, நட்டின்மேல் துணியைச் சுற்றிச் செய்யுங்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. அதன் லைனில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் போகக்கூடும். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும்.

கெட்ட சிலிண்டர் தெரிந்ததும் அதன் இன்ஜெக்டரைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றி மாட்டி, வாஷரைப் புதிதாகப் போட்டு, மறுநாள் காலையில் பாருங்கள். பழுது இன்ஜெக்டரோடு நகர்ந்தால் நாசில்தான் (இன்ஜெக்டரின் தெளிக்கும் நுனி). நகரவில்லை என்றால் கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டரில் காற்று அழுத்தம் போதவில்லை. டெஸ்ட் பெஞ்சில் நாசிலை ஏற்றினால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: குறித்த அழுத்தத்தில் திறக்கிறதா, கீச்சென்ற சத்தத்தோடு சீராகத் தெளிக்கிறதா, திறக்கும் அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே பிடித்து வைத்தால் பத்து விநாடிக்கு நுனி உலர்ந்தே இருக்கிறதா. நுனியில் சொட்டு கட்டினால் அந்த நாசில் சிலிண்டருக்குள் டீசலை ஒழுகவிட்டிருக்கும். காலையில் முதல் சுற்றிலேயே புகை வருவது அதனாலும் இருக்கலாம்.

எல்லாச் சிலிண்டரும் ஒன்றுபோலப் புகைத்தால் ஒரு சிலிண்டரைத் தேடுவதில் அர்த்தமில்லை. டீசல் பம்பின் டைமிங் (டீசல் தெளிக்கப்படும் நேரம்) பின்தங்கியிருக்கலாம். ரோட்டரி பம்ப் உள்ள இன்ஜின்களில் குளிரில் டைமிங்கை முன்னே தள்ளும் அமைப்பு வேலை செய்யாமல் போயிருக்கலாம். டைமிங்கை மேனுவலில் சொன்ன அளவுக்கு டயல் கேஜ் வைத்து அமைக்க வேண்டும். காதால் கேட்டு பம்பைத் திருப்பி வைக்கும் பழக்கம் புகையைக் குறைத்து பிஸ்டனைத் தின்றுவிடும்.

கம்ப்ரெஷன் டெஸ்ட்டுக்கு டீசலுக்கென்று உள்ள கேஜ் வேண்டும். பெட்ரோல் கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது. இன்ஜின் வெதுவெதுப்பாக, டீசல் துண்டிக்கப்பட்டு, பேட்டரி முழு சார்ஜில் இருக்க, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று விடுங்கள். நல்ல இன்ஜினில் பெரும்பாலும் 25 முதல் 35 பார் வரும். உங்கள் இன்ஜினுக்கான எல்லை மேனுவலில் இருக்கும். மொத்த எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசமே முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 4, 5 பார் குறைவாக இருந்தால் அங்கே காற்று கசிகிறது. பெட்ரோல் இன்ஜினில் செய்வதுபோல சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி மறுபடி அளப்பது டீசலில் ஏமாற்றும்: எரியறை மிகச் சிறியது என்பதால் கொஞ்சம் ஆயிலே எண்ணை உயர்த்திவிடும், அதிகமானால் கனெக்டிங் ராடே வளையும். அதற்குப் பதிலாக வால்வுகள் மூடியிருக்கும் கம்ப்ரெஷன் சுற்றில் பிஸ்டனை மேலே நிறுத்தி கம்ப்ரஸர் காற்றைச் சிலிண்டருக்குள் விட்டுக் காது கொடுங்கள். இன்ஜின் சுற்றிவிடாதபடி பிடித்துக்கொள்ள வேண்டும். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், ஏர் ஃபில்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வ், ஆயில் ஊற்றும் வாயில் என்றால் ரிங், ரேடியேட்டரில் குமிழி என்றால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல் தகடு). வால்வ் என்று தெரிந்தால் டேப்பெட் கிளியரன்ஸை (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) முதலில் பாருங்கள். இடைவெளியே இல்லாமல் வால்வ் முழுதாக மூடாமல் இருந்தால் அது ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் போதுமான வேலை.

வெள்ளை, ஆனால் நீராவி

குளிர்ந்த காலையில் சிறிது நீராவியும், சைலன்சர் நுனியில் சில சொட்டுத் தண்ணீரும் இயல்பு. அது காற்றில் சீக்கிரம் கரைந்துவிடும், கண் கரிக்காது. நாளுக்கு நாள் கூலன்ட் குறைகிறது, நீராவியில் இனிப்பு வாடை, ஸ்டார்ட் ஆகி ஓரிரு நிமிடத்தில் தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறது என்றால் ஹெட் கேஸ்கெட், வெடித்த ஹெட் அல்லது லைனர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. வெட் லைனர் (வெளிப்பக்கம் தண்ணீர் நேராகப் படும் லைனர்) உள்ள இன்ஜின்களில் தண்ணீர்ப் பக்கத்தில் நுண்துளைகள் விழுவது பழைய நோய்; சரியான கூலன்ட் இல்லாமல் வெறும் தண்ணீரில் ஓடிய வண்டிகளில் இது சீக்கிரம் வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செல்ஃப் அடித்ததும் இன்ஜின் சட்டென்று முட்டி நின்று, பிறகு சுற்றினால், அந்த வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ய முயலாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றிவிட்டு, துளைக்கு நேரே யாரும் நிற்காமல் சுற்றிப் பாருங்கள். தண்ணீர் பீய்ச்சும் துளையே குற்றவாளி.

ரேடியேட்டரில் குமிழி வருவதைப் பார்த்ததும் ஹெட்டைக் கழற்றிவிடவும் வேண்டாம். ஏர் பிரேக் கம்ப்ரஸருக்கும் இன்ஜின் கூலன்ட் போகும் லாரிகளில், அந்தக் கம்ப்ரஸரின் ஹெட் கேஸ்கெட் போனாலும் இதே குமிழி வரும். அதன் தண்ணீர் ஹோஸ்களைத் தற்காலிகமாக விலக்கி, இன்ஜினைச் சற்று நேரம் மட்டும் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நீலப் புகை

ஸ்டார்ட் ஆனதும் ஒருமுறை குபுக்கென்று நீலப் புகை கிளம்பி, அரை நிமிடத்துக்குள் அடங்கி, நாள் முழுக்க மறுபடி வரவில்லை என்றால் வால்வ் ஆயில் சீலைச் சந்தேகப்படுங்கள். இரவில் ஹெட்டின் மேலிருக்கும் ஆயில் கடினமான சீலைத் தாண்டி, வால்வ் தண்டு வழியாகச் சொட்டி, பிஸ்டன் மேல் தேங்குகிறது. காலையில் அது எரிந்து தீர்ந்ததும் புகையும் தீர்ந்துவிடும். ரிங் தேய்ந்த இன்ஜின் இப்படி நடந்துகொள்ளாது. அது லோடு ஏறும்போதும் புகைக்கும், பிரீதரில் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் குழாய்) ஆவி தள்ளும். ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திருகாமல் வாயின் மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள்: லேசாக ஆடினால் கவலையில்லை, எகிறி விழுந்தால் ரிங்கைத் தாண்டிக் காற்று வருகிறது. பிரீதர் அடைத்திருந்தாலும் இதே அழுத்தம் உண்டாகும், ஆகையால் அதை முதலில் சுத்தம் செய்துவிட்டுச் சோதியுங்கள். சீலை மாற்றும்போது வால்வைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பது அவசியம். வால்வ் தண்டு ஓடும் குழலான கைடு தேய்ந்து வால்வ் ஆடினால் புதுச் சீல் அதிக நாள் தாங்காது.

டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சுழலி) உள்ள வண்டியில் டர்போவிலிருந்து இன்டேக்குக்குப் போகும் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே மெல்லிய ஆயில் படலம் சகஜம். குட்டையாகத் தேங்கியிருப்பது சகஜமில்லை. அப்போதும் டர்போவை உடனே குறை சொல்லாதீர்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் அந்த உறிஞ்சல் ஆயிலை இழுக்கும். ஆயில் திரும்பி வரும் குழாயில் கரி அடைத்திருந்தால் ஆயில் வேறு வழியில்லாமல் சீலைத் தாண்டும். இரண்டும் சரியாக இருந்தால் ஷாஃப்ட்டை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இயல்பு. முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி நகர்ந்தாலோ, இறக்கை உறையில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ போய்விட்டது.

டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்து, டீசல் வாடை அடித்தால் வண்டியை ஓட்டாதீர்கள். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் டயஃப்ரமோ பம்ப் சீலோ கிழிந்து, இன்ஜின் ஆயில் தேங்கும் சம்புக்குள் டீசல் இறங்குகிறது. மட்டம் அதிகமாகி அந்த ஆயிலையே இன்ஜின் உறிஞ்ச ஆரம்பித்தால், சாவியைத் திருப்பினாலும் அணையாமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்போது உயர் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளட்ச்சை விட்டு அணைக்க வேண்டும். அல்லது காற்று போகும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும், கையால் அல்ல.

கருப்புப் புகை

மெக்கானிக்கல் பம்ப் ஸ்டார்ட் ஆகும்போது கூடுதல் டீசல் தரும்படி அமைக்கப்பட்டது. ஒருமுறை குபுக்கென்று கருப்புப் புகை வந்து மறைந்தால் விட்டுவிடுங்கள். தொடர்ந்து வந்தால் ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸில் கிழிசல், திறந்தபடி சிக்கிய ஈஜிஆர் வால்வ் (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடுவது), ஒழுகும் நாசில் என்ற வரிசையில் பாருங்கள்.

பழுதைச் சரிசெய்த மறுநாளே புகை இருக்கிறதே என்று பதறவும் வேண்டாம். ஆயில் கசிவு இருந்த வண்டியில் சைலன்சருக்குள்ளும், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள்ளும் பழைய ஆயில் தேங்கியிருக்கும். இன்டர்கூலரைக் கழற்றி வடித்துவிட்டு, வண்டியை லோடோடு நன்றாக ஓட்டி சைலன்சரைச் சூடாக்குங்கள். பிறகு அடுத்தடுத்து இரண்டு மூன்று காலைகள் அதே இடத்தில், அதே வெள்ளை அட்டையோடு வீடியோ எடுத்து, முதல் வீடியோவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.